காம்பு விடும் காலம்

பலனைத் துறந்து வினையாற்ற வேண்டும் என்னும் கீதையின் உபதேசத்தைக் கேட்டிராதவர் நம்மில் அரியர். கடைச்சுவரில் தொங்கும் நாட்காட்டியிலும், பள்ளி ஆண்டுவிழா மேடையிலும், ஓய்வு பெறும் குமாஸ்தாவுக்குச் சக ஊழியர்கள் வாசித்தளிக்கும் உபசாரப் பத்திரத்திலும் அது தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. ஆனால் இவ்வளவு சுலபமாக நாவில் புரளும் அந்த உபதேசத்தை ஒருவன் நடைமுறையில் வைத்துப் பரீட்சிக்கப் புகுந்தால், அடுத்த கணமே ஒரு சங்கடம் எதிர்ப்படுகிறது. பலனைக் கருதாத உழவன் எந்த விதையை எந்தப் பட்டத்தில் விதைப்பான்? பலனைக் கருதாத வைத்தியன் எந்த மருந்தைத் தேர்வான்? பலனில் நாட்டமின்றிச் செய்யப்படும் வேலை சிரத்தையின்றிச் செய்யப்படும் வேலையாக முடிந்துபோகாமல் காப்பது எது? இக்கேள்விகளுக்கு உரையாசிரியர்கள் நுட்பமான விடைகள் பலவற்றை அருளியிருக்கிறார்கள். ஆயினும் அவ்விடைகள் பெரும்பாலும் யாகத்தையும் யுத்தத்தையும் நித்திய நைமித்திக கர்மங்களையும் உதாரணமாகக் கொண்டவை. மெய்யான ஒரு பழத்தை, கையில் எடுத்தால் கனக்கின்ற பழத்தை, உதாரணமாக வைத்துக்கொண்டு இந்த விஷயத்தை ஆராய்ந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த சவுத்வெல் என்னும் சிற்றூரில், அக்டோபர் மாதத்து ஆப்பிள் தோட்டம் ஒன்றில் நின்றபோதுதான்.

சவுத்வெல் பெரிய ஊரன்று. நார்மானியர் காலத்துப் பேராலயம் ஒன்று அதன் நடுவே ஓங்கி நிற்க, அதைச் சுற்றிச் செங்கல் வீடுகளும், வீடுகளின் பின்புறத்தே தோட்டங்களுமாக அடங்கிய ஊர். பிராம்லி என்னும் ஆப்பிள் பிறந்தது இங்கேதான். நம் கடைகளில் சிவந்து மின்னும் பழத்தை மட்டுமே ஆப்பிளென்று கண்டு பழகியவர்களுக்குப் பிராம்லி முதற்பார்வையில் ஏமாற்றமாகவே இருக்கும். பருத்து, சற்றே கோணலாகி, பசிய தோலின்மேல் மங்கிய சிவப்புக் கீற்றுகள் ஓடி, பச்சையாகக் கடித்தால் பல் கூசும் அளவுக்குப் புளிக்கின்ற பழம் அது. ஆனால் அடுப்பின் வெப்பம் பட்டவுடன் அதன் சதை முழுவதும் நுரைத்துக் குழைந்து, பச்சையில் குற்றமாகத் தோன்றிய அந்தப் புளிப்பே பக்குவத்தில் குணமாகி, ஆங்கிலேயரின் சமையலில் வேறெந்தப் பழமும் நிரப்ப முடியாத ஸ்தானத்தை அடைந்துவிடுகிறது.

அந்தப் பழத்தைப் பறிப்பதற்கென்று ஒரு விதி இருக்கிறது. இழுக்கக் கூடாது. உள்ளங்கையைப் பழத்தின் அடியில் ஏந்தி, விரல் நுனிகள் அழுந்தாதபடி பிடித்து, மெல்ல மேல்நோக்கி உயர்த்திச் சிறிதே திருக வேண்டும். முற்றிய பழமாயின் காம்பு கிளையைத் தானே விட்டுவிடும். விடவில்லையானால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறதென்று அறிந்து, கையை எடுத்துக்கொண்டு அடுத்த பழத்துக்குப் போய்விட வேண்டும். பிடிவாதமாக இழுப்பவன் பழத்தோடு, அது தொங்கிய குட்டைக் கிளைக்கணுவையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடுகிறான். அந்தக் கணுவிலோ அடுத்த ஆண்டுக்குரிய பூமொட்டு ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. பறித்த பழத்தைக் கூடையில் போடலாகாது, வைக்க வேண்டும். விரல் அழுந்திய இடம் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. சில நாள் சென்றபின் அது பழுப்பாகக் கன்றி, அங்கிருந்து அழுகல் தொடங்கும். குளிர்ந்த இருட்டறையில் ஒன்றையொன்று தொடாதபடி பரப்பி வைத்தால் வசந்த காலம் வரையிலும் கெடாதிருக்கக்கூடிய பழம், ஒரு கணத்து அஜாக்கிரதையால் குளிர்காலம் பிறக்குமுன்பே குப்பைக்குப் போய்விடும்.

இந்த விதிப்படி வேலை செய்யும் ஒருவனைச் சற்று நேரம் கவனித்துக்கொண்டிருந்தால், நமது சங்கடத்தின் முதல் முடிச்சு அவிழ்வதைக் காணலாம். அவன் கண்ணும் கையும் சித்தமும் பழத்திலேயே பதிந்திருக்கின்றன. அதைவிட முழுமையாக ஒருவன் ‘பலனைக் கருதுவது’ சாத்தியமில்லை. ஆயினும் அந்தப் பழங்களில் ஒன்றாவது அவனுடையதன்று. மாறாக, பழத்தின்மேல் ஆசை மீதூர்ந்து, கூடை எப்பொழுது நிரம்பும், எண்ணிக்கை எவ்வளவு தேறும், பக்கத்து ஏணியில் இருப்பவனை முந்திவிட்டோமா என்று கணக்கிட்டுக்கொண்டு பறிப்பவனுடைய விரல்கள்தாம் பழத்தின்மேல் அழுந்துகின்றன. ஆசை பழத்தைப் பார்ப்பதே இல்லை. பழத்தைப் பெறப்போகும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பலனில் கவனம் என்பதும் பலனில் பற்று என்பதும் ஒன்றென எண்ணியதனால் வந்ததே நம்முடைய ஆரம்ப சங்கடம். காந்தியடிகள் 1929-ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கௌசானியில் தங்கியிருந்தபோது, ‘அனாசக்தி யோகம்’ என்று தாம் பெயரிட்ட கீதை மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், பலனைத் துறப்பதென்பது விளைவைப் பற்றி அலட்சியமாயிருப்பதாகாது என்று அழுத்தமாக எடுத்துரைத்தார். விளைவு இன்னதென்று அறிந்திருக்க வேண்டும், அதற்குரிய உபாயம் தெரிந்திருக்க வேண்டும், அந்த உபாயத்தில் முழுமனமும் தோய்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கொண்ட பொருள். அவர் சொன்னதற்கு ஆப்பிள் மரத்தடியைக் காட்டிலும் பிரத்தியட்சமான பாஷ்யம் கிடைப்பது அரிது.

ஆனால் இதோடு விஷயம் தீர்ந்துவிடவில்லை. கவனம் இருக்கட்டும், உரிமை யாருக்கு? அந்தப் பழம் யாருடைய வினையின் பயன்? பிராம்லி மரத்தின் சரித்திரம் இந்தக் கேள்வியை மிகவும் கூர்மையாக்கிவிடுகிறது. 1809-ஆம் ஆண்டு வாக்கில் சவுத்வெல்லில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்னும் இளம்பெண் ஏதோ ஓர் ஆப்பிளின் விதைகளை ஊன்றி வைத்தாள். முளைத்தவற்றில் ஒன்று அவ்வீட்டுத் தோட்டத்தில் மரமாயிற்று. அவள் மணமாகி அவ்வீட்டை விட்டுப் போய்விட்டாள். 1846-இல் மாத்யூ பிராம்லி என்னும் இறைச்சிக் கடைக்காரர் அந்த வீட்டை வாங்கினார்; வீட்டோடு மரமும் அவருடையதாயிற்று. 1856-இல் ஹென்றி மெர்ரிவெதர் என்னும் பதினேழு வயது இளைஞர், நாற்றுப்பண்ணைத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர், அந்த மரத்திலிருந்து ஒட்டுக்குச்சிகள் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஆப்பிள் தம் பெயரால் வழங்க வேண்டும் என்பது பிராம்லி விதித்த நிபந்தனை. 1862 அக்டோபர் 31-ஆம் தேதி மூன்று பிராம்லி ஆப்பிள்கள் இரண்டு ஷில்லிங்குக்கு விற்கப்பட்டதாக மெர்ரிவெதரின் கணக்குப் புத்தகத்தில் முதல் விற்பனை பதிவாகியிருக்கிறது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1852-இல், விதை ஊன்றியவள் காலமாகிவிட்டாள். தான் விட்டுச்சென்ற கன்று நாடெங்கும் பரவப்போகிறதென்பதை அவள் அறியவில்லை. அதற்குச் சூட்டப்பட்ட பெயரும் அவளுடையதன்று.

இந்தக் கதையைக் கேட்டவுடன் அந்தப் பெண்ணை நிஷ்காம கர்மத்தின் இலட்சிய மூர்த்தியாக்கிவிட நமக்கு ஆவல் எழுகிறது. அந்த ஆவலை அடக்கிக்கொள்வதே நியாயம். விதை ஊன்றிய கை பழத்தை எதிர்நோக்கித்தான் ஊன்றியிருக்கும்; அதில் தவறு ஒன்றுமில்லை. அவளுக்குப் பலன் கிட்டாமற் போயிற்று, அவ்வளவே. கிட்டாமற் போவது வேறு, துறப்பது வேறு. வறியவனுடைய பசியை விரதமென்று புகழ்வது எவ்வளவு பெரிய அநீதியோ, அவ்வளவு பெரிய அநீதி இழந்தவனை எல்லாம் தியாகியென்று கொண்டாடிவிட்டு நகர்ந்துபோவது. அதுபோலவே, தம் பெயரை வைக்கச் சொன்ன பிராம்லியைப் புகழாசை பிடித்தவரென்று ஒதுக்குவதும் நியாயமன்று. அவர் அனுமதித்திராவிட்டால் குச்சி வெட்டப்பட்டிராது. மெர்ரிவெதருக்கு வியாபார நோக்கம் இல்லாதிருந்தால் கன்றுகள் கட்டப்பட்டிரா. உலகத்தின் காரியங்களில் பெரும்பகுதி ஆசையினாலேயே நடக்கிறதென்பதைக் கீதை மறுக்கவில்லை. ஆசையால் நடத்தப்படுகிறவன் அந்தக் காரியத்தினால் கட்டுண்டுவிடுகிறான் என்று மட்டுமே சொல்கிறது.

மூவரில் யாருடையது அந்த ஆப்பிள் என்று மேலும் கேட்டால், மூவருடைய உரிமையும் கரைந்துவிடுவதைக் காண்கிறோம். ஆப்பிள் விதையின் ஸ்வபாவம் விசித்திரமானது: எந்தப் பழத்தின் விதையை ஊன்றினாலும் அந்தப் பழமே திரும்ப வருவதில்லை, ஒவ்வொரு விதையும் ஒரு புதிய ஜாதி. நல்ல பழம் ஒன்று வாய்த்துவிட்டால், நம் நாட்டில் ஒட்டு மாங்கன்று கட்டுவதைப் போல, அதன் கிளையை மற்றொரு வேரின்மேல் பொருத்தியே அதைப் பெருக்க வேண்டும். ஆகவே உலகத்திலுள்ள பிராம்லி மரங்கள் அனைத்தும் சவுத்வெல் வீட்டுத் தோட்டத்து ஒரே மரத்தின் சரீரம் எனலாம். அந்தத் தாய்மரம் 1900-ஆம் ஆண்டில் புயலில் சாய்ந்து, சாய்ந்த உடலிலிருந்தே மறுபடி கிளைத்து, நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து, பிற்காலத்தில் வேரை அரிக்கும் பூஞ்சை நோய்க்கு ஆளாயிற்று. நாட்டிங்காம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அதன் திசுவிலிருந்தே கன்றுகளை வளர்த்தெடுத்தார்கள். இவ்வளவு பரந்து கிடக்கும் பிராம்லி தனித்து நின்றால் சரிவரக் காய்க்காது என்பது இன்னும் ஆச்சரியம். அதன் உயிரணுக்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இராமல் மூன்று தொகுதியாக இருப்பதால் அதன் மகரந்தம் வளமற்றது. அண்டையில் வேறு ஜாதி ஆப்பிள் மரம் பூத்து, தேனீ அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் பழம் உண்டு.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒவ்வொரு வினைக்கும் காரணம் ஐந்து என்று ஒரு கணக்கு வருகிறது: வினை நிகழும் இடம், செய்பவன், கருவிகள், பலவகைப்பட்ட முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இதைப் படிக்கும்போது சாங்கிய நூல்களுக்கு உரிய வறட்டுப் பட்டியல் என்று கடந்துபோகிறவர்கள், பிராம்லி மரத்தடியில் நின்று அதை ஒரு முறை நினைத்துப்பார்க்கலாம். நாட்டிங்காம்ஷயரின் களிமண் இடம். விதைத்தவளும் ஒட்டுக் கட்டியவரும் கர்த்தாக்கள். கத்தியும் ஏணியும் கருவிகள். கத்தரித்தல், உரமிடல், பூச்சி காத்தல் முதலிய நூறு தலைமுறை அனுபவம் முயற்சிகள். ஏப்ரல் மாதத்துக் கடைசி வாரத்தில் உறைபனி விழாமலும், தேனீ பறக்க இதமான வெயில் நிலவியும் வாய்த்த அந்தச் சில நாட்களைத் தெய்வம் என்பதன்றி வேறெப்படிச் சொல்வது? ஐவர் சேர்ந்து சமைத்த பண்டத்தை ஒருவன் முழுவதும் தனதென்பது தர்மத்துக்கு விரோதம் என்பதற்கு முன்னால், அது கணக்கிலேயே பிசகு. பலனில் உனக்கு அதிகாரமில்லை என்ற உபதேசத்தை நாம் ஒரு கடுமையான கட்டளையாகவே கேட்டு வந்திருக்கிறோம். அதை ஓர் உண்மையின் அறிவிப்பாகக் கேட்டால் அதன் கடுமை பெரிதும் தணிந்துவிடுகிறது.

யூத மதத்தின் திருமறையும் இதே உண்மையைப் பழத்தின் வாயிலாகவே போதித்திருக்கிறது. ஏதேன் தோட்டத்துக் கனியை ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் ஆப்பிளாக வரைந்தார்களே தவிர, மூலநூலில் அந்தக் கனிக்குப் பெயரே இல்லை; குற்றம் கனியில் இல்லாமல் நீண்ட கையில் இருந்ததனால் பெயர் அவசியமில்லாது போயிற்றுப் போலும். அதைக்காட்டிலும் என்னைக் கவர்வது லேவியராகமத்திலுள்ள தோட்டக்காரர் சட்டம். புதிதாக நட்ட பழமரத்தின் பலனை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணலாகாது. நான்காம் ஆண்டின் பலன் கடவுளுக்குரியது. ஐந்தாம் ஆண்டிலிருந்துதான் நட்டவன் உண்ணலாம். அதே நூலில், திராட்சைத் தோட்டத்தை ஒட்டப் பறிக்காமலும் உதிர்ந்ததைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்ற விதியும் வருகிறது. கீதை உள்ளத்தில் செய்யச் சொல்வதை லேவியராகமம் ஆண்டுக் கணக்கிலும் கிளைக் கணக்கிலும் செய்யச் சொல்கிறது. உள்ளத்துத் துறவுக்குச் சாட்சி கிடையாது. ஆகையால் அதில் ஆத்ம வஞ்சனைக்கு நிறைய இடமுண்டு. கிளையில் விட்டுவைத்த பழத்தை ஊரார் எண்ணிப் பார்க்கலாம். இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் எனக்கு ருசியில்லை. ஒன்றுக்கு மற்றொன்று காவலாக இருக்கத்தக்கது என்று மட்டும் தோன்றுகிறது.

பிற்பகலில் ஷெர்வுட் வனத்துக்குப் போவது சவுத்வெல்காரர்களுக்கு எளிது. வடமேற்கே பத்துப் பன்னிரண்டு மைலில் பழைய ஓக் மரங்களும் வெண்பட்டை பிர்ச் மரங்களும் கலந்து நிற்கும் காடு தொடங்கிவிடுகிறது. வழியோரத்து வேலிகளில் கறுத்த பிளாக்பெர்ரியும், செக்கச் சிவந்த ஹாதார்ன் கனியும், யாரும் நடாத காட்டு ஆப்பிளும் பழுத்துக் கிடக்கின்றன. தோட்டத்தில் ஒரு பழத்தைக் கேளாமல் எடுத்தால் திருட்டாகும் அதே தேசத்தில், இந்தக் கனிகளின் விஷயத்தில் சட்டம் வேறுவிதமாகப் பேசுகிறது. 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி, தானாக வளர்ந்த செடியின் பூவையும் கனியையும் இலையையும் காளானையும் ஒருவன் பறித்துக்கொண்டால் அது திருட்டாகாது, விற்பனைக்காக அவன் பறிக்காத வரையில். பறிக்கும் கையும் ஒன்று, பறிபடும் கனியும் ஒன்று. நடுவே நிற்கும் சங்கற்பம் ஒன்றே அதைக் குற்றமாகவோ குற்றமற்றதாகவோ ஆக்குகிறது. செயலின் தன்மையை நிர்ணயிப்பது சங்கற்பமே என்று நம் சாஸ்திரங்கள் முழங்கிய தத்துவம், லண்டன் பாராளுமன்றத்தின் சட்டத்தில் இப்படிப் பிளாக்பெர்ரிப் புதரருகே வந்து நிற்பதைக் காண வேடிக்கையாகவும் திருப்தியாகவும் இருக்கிறது.

காட்டுக்குள் ஜே என்னும் பறவை ஓக் கொட்டைகளைக் கவ்விக்கொண்டு போய் மண்ணில் புதைத்துக்கொண்டிருக்கும். குளிர்காலத்துக்கென்று ஆயிரக்கணக்கில் இப்படிச் சேமிக்கும் அப்பறவை எடுக்காமல் விட்டவை முளைத்து மரமாகின்றன. வனத்தை வளர்க்கும் பெரும் உபகாரி அது. ஆயினும் அதைக் கர்மயோகி என்று சொல்ல எனக்கு மனமில்லை. மறந்துபோனதனால் விட்டதற்கும் அறிந்து விட்டதற்கும் நடுவே உள்ள தூரந்தான் மனித வாழ்க்கையின் சிரமம் முழுவதும்.

அறிந்து விடுவதற்கு மிக அருகில் வரும் காரியத்தை அந்தக் காட்டில் செய்துகொண்டிருப்பவை மரங்களே. இலையுதிர் காலத்தில் இலை காய்ந்து, பிடிப்பற்று, காற்றடித்து விழுகிறதென்றே நாம் சாதாரணமாக நினைக்கிறோம். உண்மை அப்படியன்று. பகல் குறுகி வெப்பம் தணியும்போது, மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, தழைச்சத்து முதலிய போஷணைகளைக் கிளைக்குள் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பச்சை நீங்கிய இடத்தில் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. அதே சமயத்தில் இலைக்காம்பின் அடியில் தனிப்பட்ட உயிரணுக்களாலான ஒரு மெல்லிய பிரிவுப் படலம் உருவாகிப் பக்குவப்படுகிறது, பிணைப்பு இளகுகிறது, மரத்தின் பக்கத்தில் காயம் மூடிக்கொள்கிறது, அதற்கப்பாலே காற்று வந்து இலையைக் கொண்டுபோகிறது. அடுத்த வசந்தத்தின் மொட்டு அந்தக் காம்பின் கக்கத்தில் முன்னரே தயாராயிருக்கும். காலையில் உள்ளங்கைக்குள் ஆப்பிளை விட்டுவிட்ட காம்பிலும் நிகழ்ந்தது இதே விதமான செயல்தான். கனியை விடுவதும் இலையை விடுவதும் மரத்துக்கு ஒரே வித்தை.

இதில் நான் மிகவும் முக்கியமெனக் கருதும் அம்சம் ஒன்று உண்டு. கோடையின் நடுவே முறிந்து உயிரிழந்த கிளை ஒன்றை அக்டோபர் மாதத்தில் பாருங்கள். சுற்றிலும் மற்றக் கிளைகளெல்லாம் இலைகளை உதிர்த்துக்கொண்டிருக்கையில், அந்த இறந்த கிளை மட்டும் தன் சருகுகளை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும்; குளிர்காலக் காற்றிலும் அவை சலசலத்துக்கொண்டு ஒட்டியிருக்கும். விடுவதற்கு உயிர் வேண்டும். பிரிவுப் படலத்தை உண்டாக்கும் சக்தி உயிருள்ள கிளைக்கு மட்டுமே உண்டு. உயிரற்றதற்கு விடத் தெரியாது. துறவு என்பது உலர்ந்துபோன உள்ளத்தின் லட்சணமென்றும், ஆசைகள் வற்றிய முதுமையில் தானே வந்து கூடுவதென்றும் கருதுகிறவர்களுக்கு இயற்கை இங்கே நேர்மாறான பாடத்தைக் கற்பிக்கிறது. வற்றியவன் விடுவதில்லை, வற்றியவனே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவன். எவனிடத்தில் ஜீவசக்தி நிறைந்து, கோடை முழுவதும் வெயிலை வாங்கிச் சர்க்கரையாக்கிக் கனிக்கும் வேருக்கும் அனுப்பும் தொழில் குறைவற நிகழ்ந்ததோ, அவனே உரிய காலத்தில் விடவும் வல்லவனாகிறான். கீதை கர்மத்தை விட்டுவிடச் சொல்லாமல் கர்மத்தின் நடுவிலேயே பலத்தியாகத்தை வைத்ததன் ரகசியம் இதுவேயாகலாம்.

சவுத்வெல் பேராலயத்துக்குள் சபாமண்டபம் ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட அந்த மண்டபத்தின் தூண் தலைப்புகளிலும் வளைவுகளிலும், அக்காலத்துச் சிற்பிகள் ஓக், மேப்பிள், ஹாதார்ன், ஹாப், திராட்சை, ஐவி முதலியவற்றின் இலைகளை, இன்ன ஜாதி என்று இன்றைக்கும் பெயர் சொல்லத்தக்க துல்லியத்தோடு கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். நிக்கொலஸ் பெவ்ஸ்னர் என்னும் கலை வரலாற்று ஆசிரியர் அந்த இலைகளைப் பற்றியே 1945-இல் தனி நூல் ஒன்று வெளியிட்டார். செதுக்கியவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்கு எட்டவில்லை. ஆனால் பெயர் விடாமையை மட்டும் கொண்டு அவர்களைத் துறவிகளென்று சொல்லிவிடலாகாது. அவர்கள் கூலிக்கு வேலை செய்த தொழிலாளிகள், கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு வீடு சென்றவர்கள். அவர்களுடைய தியாகம், கூலி வாங்கியதனால் குறைந்துவிடவில்லை. அது வேறோர் இடத்தில் இருக்கிறது. ஹாதார்ன் இலையைச் செதுக்கிய அந்த நேரத்தில் உளி தன்னைப் பற்றி நினைக்காமல் ஹாதார்ன் இலையைப் பற்றி மட்டுமே நினைத்தது என்பதற்குக் கல்லே சாட்சி. கூலி வாழ்க்கைக்கு, கவனம் இலைக்கு. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரே மனிதனுக்குள் வாழ முடியும் என்பதை எழுநூறு ஆண்டுகளாக அந்த மண்டபம் நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், பலத்தியாகம் என்னும் உபதேசம் நம் சமூகத்தில் அடைந்திருக்கும் துர்விநியோகமே. இங்கிலாந்தின் பழத்தோட்டங்களில் இந்நாளில் பறிப்பு வேலைக்குப் பருவகால அனுமதி பெற்று வருகிறவர்களில் கிர்கிஸ்தான், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் முதலிய மத்திய ஆசிய தேசத்தவர் பலர். நாம் உண்ணும் ஆப்பிள் ஜாதிகள் அனைத்துக்கும் மூதாதையான காட்டு ஆப்பிள் பிறந்தது அந்தப் பிரதேசத்துத் தியான் ஷான் மலைச்சரிவுகளில்தான். அது மேற்கு நோக்கி வந்த வழியிலேயே அதைப் பறிக்கும் கைகளும் இப்பொழுது வந்திருக்கின்றன. ஊரில் விட்டுவந்த குழந்தைகளுக்கென்று கூலியைச் சேர்த்துக்கொண்டிருக்கும் அவர்களிடம் போய், பலனைக் கருதாமல் பறியுங்கள் என்று ஒருவன் உபதேசித்தால், அவன் கீதையை அறிந்தவனாகமாட்டான். நம் நாட்டிலும் ஆலை முதலாளி தொழிலாளிக்கும், கணவன் மனைவிக்கும், நிர்வாகி ஆசிரியருக்கும் இந்தச் சுலோகத்தை எடுத்துக்காட்டியது உண்டு. எடுத்துக்காட்டியவருடைய பங்கு மட்டும் எப்பொழுதும் பத்திரமாக இருந்தது. பழுக்காத கனியை இழுப்பவன் அடுத்த ஆண்டின் மொட்டையும் பிய்த்துவிடுவதைப்போல, பிறருடைய துறவை வற்புறுத்திப் பறிப்பவன் அவர்களிடத்தில் துறவு என்றேனும் இயல்பாக முதிரக்கூடிய கணுவையே சேதப்படுத்திவிடுகிறான்.

ஆகவே இந்த உபதேசத்துக்கு ஓர் எல்லை கட்ட வேண்டியிருக்கிறது. அந்த எல்லை உபதேசத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அர்ச்சுனனுக்குச் சொல்லப்பட்டது அவனுடைய வினையைப் பற்றி. மற்றவர்களுடைய வினைப்பயனை அவன் என்ன செய்யலாம் என்பதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. என் உழைப்பின் பயனிலேயே எனக்கு உரிமையில்லை என்பது மெய்யானால், பிறன் உழைப்பின் பயனில் எனக்கு உரிமை எங்கிருந்து வரும்? தன் பங்கைத் தான் விடலாம். பிறன் பங்கை அவன் கையில் குறைவின்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அந்தத் துறவின் பகுதியே. கீதை நமக்கு மறுத்த அதிகாரங்களில் பிறருக்குத் துறவை விதிக்கும் அதிகாரமும் ஒன்றென்றே நான் கொள்கிறேன்.